மூன்றாவது விழாத ஊர்

நெடுங்காவூரில் மூன்றாவது என்ற ஒன்று காணாமல் போனது தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சங்கீத சமாஜத்து ஹாலில், கேன்டீனில் வாழைப்பூ வடை சூடாக இறங்கிய நேரத்தில். வடையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அந்த ஊரில் கச்சேரி என்றால் பாடகர் பாடுவார், வயலின்காரர் கூடவே வாசிப்பார், பெரிய பாட்டு ஒன்று முடிகிற தறுவாயில் எல்லோரும் ஒதுங்கிக்கொண்டு மிருதங்கத்துக்கு மட்டும் இடம் விடுவார்கள், அதற்குத் தனி என்று பேர், அந்தத் தனி தொடங்கியதும் ஹாலில் இருக்கிற அத்தனை பேரும் பள்ளிக்கூடத்தில் மணி அடித்த மாதிரி வேட்டியைத் தட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு எழுந்து கேன்டீனுக்குப் போவார்கள். கேன்டீன் போட்டிருக்கிற சுப்புணி, மேடையில் வயலின் ஓய்வதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் எண்ணெயில் வடையைத் தட்டிப் போடுவார். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் எந்த வருத்தமும் கிடையாது, மிருதங்கம் வாசிக்கிறவர்களைத் தவிர, அவர்களை யாரும் கேட்டதும் கிடையாது.

அன்றைக்கு மிருதங்கம் அஞ்சுகம். பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர், தவில்காரர் மகள், மேடைக்குப் பக்கத்துத் தெருவிலேயே வீடு, இருந்தும் சமாஜம் அவளைக் கூப்பிட்டதெல்லாம் வெளியூர் வித்வான் பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில்தான். அன்றைக்கும் அப்படித்தான் மத்தியானம் ஆள் வந்தது. பாட வந்திருந்த சங்கீத பூஷணம் வைத்தமாநிதி, பெண்பிள்ளைகள் மிருதங்கத்தோடு தாம் பாடுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தார், அந்தக் கொள்கையை ஹாலுக்குள் கூட்டம் நிரம்பிவிட்ட ஒரே காரணத்துக்காக அன்று ஒருநாள் மடித்து வைத்தார். மேடை ஏறுகிறபோது அவளைப் பார்க்காமல் வயலின்காரரிடம், "அடக்கி வாசிக்கச் சொல்லுங்கோ" என்றார். அவள் காதில் விழும்படிதான் சொன்னார்.

அஞ்சுகத்துக்குக் கோபம் புதிதில்லை. அந்தக் கோபத்தோடுதான் அவள் காலையில் பல் தேய்த்தாள், பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுத்தாள், வெங்காயம் நறுக்கினாள், ரேஷன் கடை வரிசையில் நின்றாள், நிற்கிறபோது பையின் மேல் விரல்களால் ஒரு கணக்கை நெய்துகொண்டே இருந்தாள். வருஷக்கணக்காக நெய்த கணக்கு அது. அன்றைக்குத் தனி வந்ததும், வழக்கம்போல நாற்காலிகள் கிறீச்சிட்டு, வழக்கம்போலக் கூட்டம் வெளியேற, அவள் அதை எடுத்தாள். நிதானமாக எடுத்தாள். அடிக்கு அடி நடுவே அவ்வளவு இடம் விட்டாள், அந்த இடத்தில் என்ன வரப்போகிறதென்று கேட்கிறவனே நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி. கேட்கத்தான் ஆளில்லை.

ஒரே ஒருத்தர் இருந்தார். மைக்செட் குழந்தைவேலு. ஆம்ப்ளிஃபயரை விட்டு எழுந்தால் யாராவது வயரை மிதித்துவிடுவார்கள் என்பதால் அவர் என்றைக்கும் எழுவதில்லை, ஆகவே ஊரில் இதுவரை நடந்த தனி அத்தனையையும் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். தொடையில் தட்டித் தாளமும் போடுவார். தப்பாகப் போடுவார். தட்ட வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே, பிறகு இடம் கிடைக்காதோ என்று பயந்தவரைப் போல, அவசரமாகத் தட்டிவிடுவார். அஞ்சுகம் அதைக் கவனித்தாள், சிரிப்பு வந்தது, அந்த அவசரத்தை அவளுக்குப் பிடித்தும் போயிற்று.

கடைசியில் கோர்வை வந்தது. கோர்வை என்பது ஒரே கணக்கை மூன்று முறை வாசித்து, மூன்றாவது முறை முடிகிற அடி, பாட்டு தொடங்குகிற இடத்தில் இம்மி பிசகாமல் போய் விழுவது. முதல் முறை கேட்கிறவனுக்கு ஒன்றும் பிடிபடாது. இரண்டாவது முறை, இதை எங்கேயோ கேட்டோமே என்று இருக்கும். மூன்றாவது முறை அவன் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவான், விழப்போகிற இடம் இப்போது அவனுக்கும் தெரியும், வாசிக்கிறவளும் கேட்கிறவனும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு சேர்ந்தே ஓடுவார்கள், அது விழுகிறபோது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் விழும். தனி என்பது அந்த ஒரு விழலுக்காக. அஞ்சுகம் முதல் முறை வாசித்தாள். இரண்டாவது முறை வாசித்தாள், குழந்தைவேலு பாதி எழுந்து நின்றுவிட்டார். அவள் மூன்றாவதற்குக் கையை ஓங்கினாள்.

அப்போது கேன்டீன் கூட்டம் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தது. வந்த கூட்டம் மறுபடி கலைந்துவிடுமோ என்று வைத்தமாநிதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார், அவள் கை தோலில் படுவதற்குள் பாட்டை எடுத்துவிட்டார். அதுவும் உச்சஸ்தாயியில் எடுத்தார். கூட்டம் ஆகா என்றது.

"ஏய்!"

குழந்தைவேலுதான் கத்தினார். பக்கத்திலிருந்த சோதனை மைக் திறந்திருந்தது, ஆகவே அந்த "ஏய்" நான்கு பெட்டிகளிலும் வெடித்து, ஹாலைத் தாண்டி, தெப்பக்குளம் வரைக்கும் கேட்டது. இத்தனை வருஷத்தில் அஞ்சுகத்துக்காக ஒருவர் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஓங்கிய கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள், மீதிக் கச்சேரிக்கு மிருதங்கத்தைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் ஊர் முழுக்கக் குக்கர்கள் இரண்டு விசிலோடு நின்றன.

அதற்கு யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பெண்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் அடுப்பில் விட்டு இறக்கினார்கள். டவுன் பஸ் ஊர் எல்லையைத் தொட்டதும் மூன்றாவது கியர் விழாமல் இரண்டிலேயே உறுமிக்கொண்டு வந்தது, டிரைவர் நாலு நாள் திட்டிவிட்டு ஐந்தாம் நாள் வழியில் கீரை வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டார். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் "ஒன், டூ" என்று சொன்ன தலைமையாசிரியை வாயைத் திறந்தபடி நிற்க, பிள்ளைகள் குனிந்த குனிப்பிலேயே இருந்தார்கள். சிவன் கோயிலைச் சுற்றுகிறவர்கள் மூன்றாவது சுற்றை முடித்து நிமிர்ந்தால் இரண்டாவது சுற்றின் முடிவில் நிற்பார்கள், அதனால் புண்ணியம் கூடத்தானே செய்யும் என்று குருக்கள் சொல்ல, வெளியூர்க்காரர்கள் வேறு வர ஆரம்பித்தார்கள். மாந்தோப்பு ஏலத்தில் ஏலக்காரர் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொல்லிவிட்டுத் தொண்டை அடைத்து நின்று, அப்புறம் ஒருவழியாக "சரி, எடுத்துக்கப்பா" என்று முடித்தார், அடுத்த ஏலத்திலிருந்து அதுவே முறை ஆயிற்று. மூன்றாவது முறையாகக் கவுன்சிலருக்கு நிற்க இருந்தவரின் மனுவை மேஜை வாங்க மறுத்து நழுவி நழுவித் தள்ளிவிட்டது, அதில் மட்டும் ஊருக்கு முழுத் திருப்தி.

கல்யாணங்களில்தான் கொஞ்சம் தடுமாறினார்கள். மாப்பிள்ளை போடுகிற முதல் முடிச்சு விழும், நாத்தனார் போடுகிற இரண்டாவது விழும், மூன்றாவது எத்தனை இறுக்கினாலும் மஞ்சள் கயிறு மீன் மாதிரி நழுவும். முகூர்த்தம் தப்புகிறதே என்று பெண்வீட்டார் அழ, யாரோ ஒரு சித்தி தன் ஜாக்கெட்டிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டாள். அவ்வளவுதான். பங்குனி பிறப்பதற்குள் கோயில் வாசல் பூக்கடைகளில் மஞ்சள் தடவிய மூணாம் முடிச்சு ஊக்கு தாம்பூலத்தோடு விற்பனைக்கு வந்தது, சாஸ்திரிகள் அதற்கு ஒரு மந்திரமும் கண்டுபிடித்துவிட்டார். இந்த ஊர் எதையும் சரிசெய்யாது. எதற்கும் ஓர் ஊக்கைக் கண்டுபிடித்துவிடும்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஊரே கேன்டீனுக்குப் போயிருந்ததால் வாயைத் திறக்கத்தான் யாருக்கும் முகமில்லை.

அஞ்சுகம் இதையெல்லாம் ஒரு கொடூரமான சந்தோஷத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக் குக்கரும் இரண்டோடுதான் நின்றது, அவளுக்கும் மூன்றாவது தும்மல் மூக்கு நுனியில் வந்து வராமல் போனது. போகட்டும், எல்லோருக்கும் தெரியட்டும், விழாமல் நிற்பது என்றால் என்னவென்று. "விட்டுத் தொலையேன் அஞ்சுகம்" என்று கணவர் சொன்னதற்கு, "நான் எதையும் பிடிச்சு வெச்சுக்கலையே, அவங்கதானே பிடுங்குனாங்க" என்று சாம்பாரைக் கொட்டாத குறையாக வைத்தாள். ஒன்றே ஒன்றுதான் அவளை உறுத்தியது. வகுப்பில் பிள்ளைகள் ச பாடினார்கள், ரி பாடினார்கள், அடுத்த ஸ்வரத்துக்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, ஒரு பள்ளத்தைத் தாண்டுகிறமாதிரி அதைத் தாண்டி மத்திமத்தில் போய் இறங்கினார்கள். காந்தாரம் இல்லாமல் வளர்கிற பிள்ளைகளைப் பார்த்து அவள் அன்றைக்குப் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, மேஜையை ஓங்கிக் குத்தினாள்.

பங்குனி நடுவில் சமாஜத்துக் காரியதரிசி சாரநாதன் பழத்தட்டோடு வந்தார். அவராக வரவில்லை, வாசலில் நின்ற காருக்குள் வைத்தமாநிதி உட்கார்ந்திருந்தார். ஊரை விட்டுப் போன பிறகும் வினை அவர் கூடவே போயிருந்தது. கீழ்ஸ்தாயி பேசியது, நடுஸ்தாயி பேசியது, மூன்றாவதான மேல்ஸ்தாயி தொண்டையை விட்டே போய்விட்டது. அந்த ஸ்தாயியை நம்பித்தான் அவர் பூஷணம்.

"நீ எங்காத்துப் பொண்ணு மாதிரிம்மா" என்று சாரநாதன் ஆரம்பித்தார். "அன்னிக்கு ஏதோ நேரம் ஆயிடுத்து. மனசுல வெச்சுக்காதே. அந்த மூணாவதை மட்டும் வந்து வாசிச்சுடு. பத்து செகண்டு வேலை. நீயும் நிம்மதியா இருப்பே, ஊரும் நிம்மதியா இருக்கும்."

"மூணாவதை மட்டுமா?"

"அது ஒண்ணுதானேம்மா பாக்கி?"

"சார், முதல் ரெண்டை நீங்க கேட்டீங்களா?"

சாரநாதன் தட்டிலிருந்த ஆப்பிளைப் பார்த்தார்.

"வடை தின்னுட்டிருந்தீங்க. முதலைக் கேக்காதவனுக்கு, ரெண்டாவதைக் கேக்காதவனுக்கு, மூணாவதுன்னு ஒண்ணு எப்படி சார் வரும்? நான் வந்து என்னத்தை அடிச்சாலும் அது உங்களுக்கு முதல்தான். மூணாவது என் கையில இல்லை. கேக்கறவங்க கிட்டதான் இருக்கு. அதைத்தான் நீங்க தொலைச்சிருக்கீங்க." அவள் விரல்விட்டு எண்ணினாள். "முதல்லேருந்து வாசிப்பேன். முழுசா வாசிப்பேன். கேன்டீன் கிடையாது. அன்னிக்கு எழுந்து போன அத்தனை பேரும் வரணும். எழுந்து போகாதவரும் வரணும்."

எல்லாவற்றுக்கும் சரி என்றார் சாரநாதன், பழத்தட்டை வைத்துவிட்டுப் போனார்.

குறித்த சாயங்காலம் ஹால் பிதுங்கியது. நிற்கக்கூட இடமில்லை, கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தார்கள், சுப்புணியே அடுப்பை அணைத்துவிட்டு முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வைத்தமாநிதி மேடையில் வெந்நீர்க் குடுவையோடு தயாராக இருந்தார். அஞ்சுகம் வாசிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் வளைவைப் பார்த்துக்கொண்டிருப்பார்களே, அப்படி. மூன்றாவது எப்போது வரும், வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான் அந்தப் பார்வையில் இருந்தது. அவள் விட்ட இடங்களில் யாரும் எதையும் நினைக்கவில்லை. சாரநாதன் பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் சுருக்கமா என்று விரலைச் சுழற்றினார்.

அவள் ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பினாள், அந்தத் தப்புத் தாளத்தையாவது பார்க்கலாம் என்று. அங்கே ஜீன்ஸ் போட்ட ஒரு வெளியூர் ஆள் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

வாசிப்பு நின்றது. "குழந்தைவேலு அண்ணன் எங்கே?"

"அவரை நிறுத்தியாச்சும்மா" என்றார் சாரநாதன், மைக்குக்குக் கேட்காத குரலில். "வித்வானை மரியாதை இல்லாம ஏய்னு கத்தினவரை எப்படி வெச்சுக்கறது? சமாஜத்துக்கு ஒரு கௌரவம் இருக்கோன்னோ? நீ வாசி."

அஞ்சுகம் மிருதங்கத்தை உறையில் போட்டாள். நாடாவை இறுக்கி முடிந்தாள். தாழ்ப்பாளைத் தானே திறந்துகொண்டு நடு ஹால் வழியாக வெளியே போனாள், ஒதுங்கி வழிவிடாதவர்களை முழங்கையால் இடித்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு ஊருக்கு அவள் மேல் கோபம் வந்தது. எவ்வளவு சௌகரியமான கோபம் பாருங்கள். திமிர் பிடித்தவள் என்றார்கள், தவில்காரன் மகளுக்கு இவ்வளவு ஆகாது என்றார்கள், ஊக்கு குத்திக்கொண்டு நிம்மதியாக இருந்த ஊரில் ஆசையைக் காட்டி மோசம் செய்துவிட்டாள் என்றார்கள். காய்கறிக்காரி கறிவேப்பிலை கொடுப்பதை நிறுத்தினாள். அஞ்சுகம் கறிவேப்பிலை இல்லாமலே ரசம் வைத்தாள்.

குழந்தைவேலு ஒருநாள் அவள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். இளைத்திருந்தார், சட்டை தோளில் தொங்கியது, பேசுகிறபோது மூச்சு வாங்கியது.

"எனக்காகவா டீச்சரம்மா எந்திரிச்சு வந்தீங்க?"

"உங்களுக்காகவும்தான் அண்ணே. உள்ள வாங்க."

"இருக்கட்டும்மா. ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ரெண்டு வாட்டி வாசிச்சீங்க. அதுலேருந்து எனக்குத் தூக்கமே சரியில்ல. சோத்துல கை வெச்சா அதுதான் ஓடுது. ரெண்டு வாட்டி ஓடுது, அப்புறம் மேட்டுல ஏறி நின்னுக்குது. அந்த மூணாவது எப்படித்தான்மா வந்து விழும்? எனக்கு மட்டும் இங்கயே வாசிச்சுக் காட்டுங்களேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அவள் அந்த நிமிஷமே மிருதங்கத்தை எடுத்திருக்கலாம். ஆனால் கோபம் குறுக்கே நின்றது. இந்த மனிதருக்குக்கூட வீட்டு வாசலில், திருட்டுத்தனமாகவா?

"இல்லண்ணே. அந்த மேடையில, உங்க மைக்குல, உங்களை முன்னால உக்கார வெச்சு வாசிப்பேன். அவங்க வந்து உங்களைக் கூப்பிடணும். கூப்பிட வெக்கறேன் பாருங்க."

"நீங்க சொன்னா சரி" என்றார் குழந்தைவேலு. சைக்கிளைத் திருப்பும்போது சிரித்தார். "அதுவரைக்கும் தாளத்தைப் பழகி வெக்கறேன். நான் தப்பாப் போடுறேன்னு எம் மவன் சொல்லுறான்."

"தப்பாத்தான் போடுறீங்க. அப்படியே போடுங்க."

சித்திரை பிறந்த வாரத்தில் அவர் செத்துப்போனார். அந்த மாதங்களில் ஊரில் எரிக்கிற சாவு அதுவரை விழவில்லை. அதுதான் முதல்.

அஞ்சுகத்துக்குச் சேதி வந்தபோது பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்திருந்தது. துக்கத்துக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்றார்கள். சுடுகாட்டில் மகன் தனபால் தோளில் தண்ணீர்க் குடத்தோடு சிதையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறானாம். முதல் சுற்றில் குடத்தில் ஓர் ஓட்டை போட்டார்கள், இரண்டாவது சுற்றில் ஒன்று போட்டார்கள், மூன்றாவது சுற்று முடியவே மாட்டேன் என்கிறதாம். தலைமாட்டுக்கு வந்தால் மறுபடி இரண்டாவதின் முடிவில் நிற்கிறான், அரிவாளை ஓங்கினால் நுனி வழுக்குகிறது, இரண்டு ஓட்டையிலும் தண்ணீர் ஒழுகி ஒழுகித் தீர, உறவுக்காரர்கள் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"ரெண்டு போதும்டா தம்பி, ஊரே ரெண்டுலதான ஓடுது, குடத்தைப் போட்டுட்டுக் கொள்ளி வையி" என்று பெரியவர்கள் சொன்னார்களாம். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆயிடாது."

"எங்கப்பனை ஊக்கு குத்தி அனுப்பமாட்டேன்" என்றானாம் தனபால். நடந்துகொண்டே இருக்கிறானாம்.

அஞ்சுகம் வீட்டுக்கு ஓடினாள், மிருதங்கத்தைத் தோளில் மாட்டினாள், உச்சி வெயிலில் தெருவில் இறங்கினாள். கணவர் கையைப் பிடித்தார். "பொம்பளைங்க அங்கல்லாம் போறதில்ல அஞ்சுகம்." "அவரு மட்டும் என் தனிக்கு உக்காந்திருந்தாரே, அதுவும் வழக்கமில்லைதான்" என்று கையை உதறினாள். அவளைப் பார்த்ததும் டீக்கடை எழுந்தது, பூக்கடை எழுந்தது, மாவு மில்லில் நின்றவர்கள் மாவோடு எழுந்தார்கள், விஷயம் காதுக்குக் காது போய் சமாஜமே பின்னால் வந்தது, தொண்டைக்காகக் காரியதரிசி வீட்டில் தங்கியிருந்த வைத்தமாநிதியும் அங்கவஸ்திரத்தைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்.

சுடுகாட்டு வாசலில் சாரநாதன் மூச்சிரைக்க முன்னால் வந்து கையை விரித்தார். "இது அபசாரம்மா. சரஸ்வதி உட்காந்திருக்கற வாத்தியம். இங்கே தீட்டு."

"தோல் எங்கேருந்து வந்துச்சு சார்?" என்றாள் அஞ்சுகம். "அதுவும் செத்ததுதான். தள்ளுங்க."

பறை அடித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்து அடிப்பதை நிறுத்தினார்கள். ஒருவர் தோள் துண்டை எடுத்துச் சூட்டு மண்ணில் விரித்தார். அவள் அதில் உட்கார்ந்தாள், சிதையைப் பார்த்து உட்கார்ந்தாள். மைக் இல்லை. வாய்க்கட்டுக் கட்டின முகம் ஒன்று விறகுகளுக்கு மேல் தெரிந்தது. தனபால் சுற்றி வந்துகொண்டிருந்தான், கால் பின்னியது, தோள் முழுக்கத் தண்ணீர்.

"அண்ணே, தாளம் மட்டும் கால்ல போடுங்க" என்றாள் பறைக்காரர்களிடம்.

அவள் முதலிலிருந்து வாசித்தாள். ஆனால் சமாஜத்தில் வாசித்ததை அப்படியே வாசிக்கவில்லை. அன்றைக்கு வாசித்த கணக்கு ஓர் ஊசிமுனைகூடப் பிசகில்லாமல் இருந்தது, அது ஒரு குறை என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. குழந்தைவேலு அவசரமாகத் தட்டுவாரே, இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால், அந்த இடத்தில் அவள் ஓர் அடி வைத்தாள். அடுத்த வட்டத்திலும் வைத்தாள். வாசிப்பு தடுக்கி விழப்போகிறது என்று தோன்றும், விழாது, அந்தத் தப்பு அடியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி அடுத்ததற்குப் போகும். வெயில் நடு மண்டையில் இறங்கியது. உட்கார இடமில்லை, வாங்கித் தின்ன எதுவுமில்லை, சாவுக்கு வந்தவன் பாதியில் திரும்பக்கூடாது, ஆகவே ஊர் நின்றது. நிற்கிற ஊர் வேறு வழியில்லாமல் கேட்டது, கேட்கக் கேட்க அந்தத் தப்பு அடி வருகிற இடம் அதற்கும் பழகியது, அது வருகிறபோது ஆளுக்கொரு பக்கம் தலை ஆடியது, அவள் விட்ட வெற்றிடத்தில் ஒவ்வொருவரும் அவரவர் செத்தவர்களை நினைத்துக்கொண்டார்கள். சுப்புணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அஞ்சுகம் யாரையும் பார்க்கவில்லை. நீங்கள் வாசலில் நின்றபோதே வாசித்திருக்க வேண்டும் அண்ணே, நான் கோபக்காரி, இந்தாருங்கள், என்று அவள் விறகுக்கு மேலிருந்த முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோர்வையை எடுத்தாள். முதல் முறை முடிந்தபோது தனபால் கால்மாட்டில் இருந்தான். இரண்டாவது முறை முடிந்தபோது ஊர் முழுக்க, தனக்கே தெரியாமல், தொடையில் தட்ட ஆரம்பித்திருந்தது. எல்லோரும் குழந்தைவேலு தட்டுகிற மாதிரியே, ஒரு மயிரிழை முன்னால் தட்டினார்கள். அவள் கையை ஓங்கினாள். மூன்றாவது முறை ஓடியது, மேட்டில் ஏறியது, இந்த முறை நிற்கவில்லை, தனபால் தலைமாட்டைத் தொட்டான், அரிவாள் நுனி குடத்துக்குள் இறங்கியது, மூன்றாவது ஓட்டையிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவன் முதுகில் கொட்டியது, அவன் திரும்பிப் பார்க்காமல் தோளை விட்டுக் குடத்தை நழுவவிட, அவள் கடைசி அடியும் குடம் தரையில் உடைந்ததும் ஒரே சத்தமாக விழுந்தன.

தூரத்தில், ஊருக்குள், அடுப்பை மறந்து வந்த வீடுகளின் குக்கர்கள் ஒவ்வொன்றாகக் கூவின.

கோர்வை விழுந்த இடம் பாட்டு எடுக்கிற இடம். வைத்தமாநிதிக்கு அது தெரியும், கேட்டுக் கேட்டு ஊறிய உடம்பு. தொண்டையில் ஏதோ அடைப்பு நீங்கி மேல்ஸ்தாயி தளும்பிக்கொண்டு வந்து நிற்பதும் அவருக்குத் தெரிந்தது. அங்கவஸ்திரத்தைத் தலையிலிருந்து எடுத்தார், ஓர் அடி முன்னால் வந்தார், கண்ணை மூடினார், வாயைத் திறந்தார்.

"ஏய்!"

அஞ்சுகம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். மைக் இல்லாமலே அது தெப்பக்குளம் வரைக்கும் கேட்டது. வைத்தமாநிதி திறந்த வாயை மூடினார். அதற்குப் பிறகு அங்கே ஒரு சத்தமும் இல்லை, தனபால் கொள்ளியை வைத்து, விறகு பற்றிக்கொள்கிற வரைக்கும்.